வீட்டுக்கும் ஓர் ஆயத்த வகுப்பு



"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இவ்விரண்டினுள் கலியாணத்துக்கு நம் பங்குகளில் ஆயத்தம் உண்டு. ஓலை வாசிக்கப்படுமுன் மணமக்கள் இருவரும் திருமணத் தயாரிப்பு வகுப்புக்குச் சென்று, அதற்குரிய சான்றிதழைப் பெற்று வர வேண்டும் என்பதை அறியாத பெற்றோர் இலர். பழமொழியின் முற்பாதியாகிய வீட்டுக்கோ அப்படி ஒரு வகுப்பும் இல்லை, சான்றிதழும் இல்லை. அரசின் வீட்டு உதவி ஆணை கைக்கு வந்த அன்றே வாசலில் மணல் வந்து இறங்குகிறது. மற்றவை யாவும் அதன்பிறகே யோசிக்கப்படுகின்றன.

இதன் விளைவை வீடு மந்திரிக்கச் செல்லும் குருக்கள் அனைவரும் காண்கின்றனர். புதுச் சுண்ணாம்பின் மணம் மாறாத வீட்டில் குடும்பத்தினர் முகத்தில் மகிழ்ச்சியைவிடக் களைப்பே மிகுந்திருக்கிறது. தாயின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருக்கிறது; தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போய்விட்டது. மந்திரிப்பு முடிந்ததும் மெல்ல நம்மைத் தனியே அழைத்து, வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பதைச் சொல்லி அழுகிற தாய்மார்களும் உண்டு. வேறு சில குடும்பங்களிலோ மந்திரிக்க வீடே எழவில்லை. லிண்டல் மட்டத்தோடு நின்ற சுவர்களுக்கு நடுவே தார்ப்பாய் கட்டிக்கொண்டு நான்கைந்து மழைக்காலங்களைக் கழித்துவிட்டனர். இவர்கள் சோம்பேறிகளும் அல்லர், ஊதாரிகளும் அல்லர். கணக்குச் சொல்லித்தர ஆளின்றிப் போன எளிய மக்கள்.

அமெரிக்க நாட்டில் இக்குறையைப் போக்க ஒரு வழி வகுத்திருக்கின்றனர். வீடு வாங்குவோருக்கும் வாடகைக்கு இருப்போருக்கும் ஆலோசனை வழங்க அந்நாட்டு அரசுக்கு 1968ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் அதிகாரம் அளித்தது. வருவாய் குறைந்த குடும்பங்களின் வாடகையில் ஒரு பகுதியை அரசே செலுத்தும் முறை 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. குடும்பம் தன் வருவாயில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கைத் தருகிறது. எஞ்சியதை ஒரு வரம்புக்கு உட்பட்டு அரசு தருகிறது. அந்த வாடகை உதவியையே சொந்த வீட்டுக் கடனின் மாதத் தவணைக்குத் திருப்பிக்கொள்ள 2000ஆம் ஆண்டில் வெளியான விதிகள் இடமளித்தன. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உதவி தொடங்குமுன் அக்குடும்பம் ஆலோசனை வகுப்பை முடித்தாக வேண்டும்.

அந்த வகுப்பில் கற்பிப்பவை எவை? மாத வரவு செலவைத் திட்டமிடுவது எப்படி, கடனைத் தவறாது அடைத்து நற்பெயரைக் காப்பது எப்படி, வீட்டின் விலையைப் பேசுவது எப்படி, கடன் பத்திரத்தை விளங்கிக்கொள்வது எப்படி, குடிபுகுந்தபின் வீட்டைப் பழுதுபார்த்துப் பேணுவது எப்படி என்பவையே. விற்பவரைச் சாராத ஒருவர் அந்த வீட்டைப் பார்வையிட்டு அறிக்கை தரவும் வேண்டும். உதவி என்றென்றைக்கும் கிடைப்பதன்று. கடன் 20 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்டதாயின் 15 ஆண்டும், குறைந்ததாயின் 10 ஆண்டும் கிடைக்கும். முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் இவ்வரம்பு இல்லை. ஆகவே உதவி நின்றபின் எவ்வாறு சமாளிப்பது என்பதையும் முன்னதாகவே பேசிவிடுகின்றனர். கத்தோலிக்க அறப்பணி நிறுவனங்கள் சிலவும் அரசின் ஒப்புதலோடு இத்தகைய ஆலோசனையை நடத்துகின்றன. 2008ஆம் ஆண்டின் நெருக்கடியில் தாங்கள் கையொப்பமிட்ட கடனின் தன்மையை அறியாத எண்ணற்ற குடும்பங்கள் அந்நாட்டில் வீட்டை இழந்தன என்பதை நினைத்தால், அவ்வகுப்பின் அருமை விளங்கும்.

நம் நாட்டில் கிராமப்புறத்து ஏழைக் குடும்பத்துக்கு அரசு தருவது கடன் தவணைக்கான உதவி அன்று. வீடு கட்டுவதற்கான மானியம். 1985-86ஆம் ஆண்டில் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் 2016இல் பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டமாக மாற்றி அமைக்கப்பட்டது. அப்போது வகுத்த அளவின்படி சமவெளியில் 1,20,000 ரூபாயும் மலைப்பகுதியில் 1,30,000 ரூபாயும் மானியம். வீடு குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 269 சதுர அடி இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் நடுவண் அரசு இத்திட்டத்தை 2028-29 வரை நீட்டித்து, மேலும் 2 கோடி வீடுகளுக்கு ஒப்புதல் அளித்தது. தமிழக அரசு 2024 பிப்ரவரியில் அறிவித்த கலைஞரின் கனவு இல்லத் திட்டம், குடிசையில் வாழ்வோருக்கு 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய் என்று வகுத்தது. இவை பெருந்தொகைகளே. ஆயினும் இன்றைய கம்பி விலையிலும் கொத்தனார் கூலியிலும் எந்தக் குடும்பமும் மானியத்தைக் கொண்டு மட்டும் வீட்டை முடிப்பதில்லை. மானியத்துக்கும் மெய்யான செலவுக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் விழுகின்றன.

எனவே, ஆணை கைக்கு வந்த குடும்பம் மணல் இறக்குமுன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கிக் கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

முதற்கேள்வி: நிலம் யாருடையது? மானியம் பெற மனை நம் பெயரில் இருக்க வேண்டும். பாட்டனார் பெயரில் பட்டா இருந்து, சித்தப்பா, பெரியப்பா மக்கள் அனைவரும் பங்காளிகளாக இருந்தால், வீடு எழுந்தபின் வழக்கும் எழும். பாகப் பிரிவினையை முதலிற் செய்து பதிவு செய்துகொள்வதே நன்று. விலைக்கு வாங்கிய மனையானால் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏரி, குளம், ஓடைப் புறம்போக்கில் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அதை நம்பிக் கல்வீடு எழுப்பலாகாது; நீர்நிலை ஆக்கிரமிப்பு அகற்றப்படும்போது போட்ட பணம் அனைத்தும் மண்ணாகும். அரசு தந்த இலவச மனைப்பட்டாவில் குறித்த காலம்வரை விற்கலாகாது என்பன போன்ற நிபந்தனைகள் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு அதை ஒருமுறை உரக்கப் படிக்கச் செய்து கேளுங்கள்.

இரண்டாம் கேள்வி: பெயர்கள் ஒத்திருக்கின்றனவா? இது நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கே உரிய தொல்லை. திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் அழைப்பது வேறொரு பெயர். குடும்ப அட்டையில் அந்தோணியம்மாள். ஆதார் அட்டையில் ஆன்டனி அம்மாள். வங்கிப் புத்தகத்தில் அ. மேரி. பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வருவதால், எழுத்து மாறினாலும் தவணை தடைப்படலாம். ஆணை வருமுன்னரே இவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள்.

வீடு யார் பெயரில் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவோம். பிரதமரின் திட்டத்தில் மனைவி பெயரிலோ, கணவன் மனைவி இருவர் பெயரிலோ ஒதுக்குவதே பொது விதி. "பெண் பெயரில் எதற்கு?" என்று கேட்கும் ஆண்களை நாம் அறிவோம். குடியின் பொருட்டு ஒரே இரவில் வீட்டை எழுதிக் கொடுத்தவர்களையும் அறிவோம். இருவர் பெயரும் இருந்தால் இருவர் கையொப்பமும் வேண்டும். அந்த இரண்டாம் கையொப்பம் எத்தனையோ பிள்ளைகளின் தலைக்கு மேல் கூரையைக் காத்திருக்கிறது. மேலும், கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதாமல் மனைவி மக்களை விட்டு இறந்தால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொத்தில் மூன்றில் ஒரு பாகம் மனைவிக்கும், மூன்றில் இரு பாகம் பிள்ளைகளுக்கும் சேரும். பிள்ளைகளுள் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. மகள்களிடம் கேளாமல் மகன்கள் மட்டும் பங்கிட்டுக்கொள்வது அறமும் அன்று, சட்டமும் அன்று.

மூன்றாம் கேள்வி: எவ்வளவு பெரிய வீடு? இங்கேதான் பெரும்பாலோர் இடறுகின்றனர். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவோம். உங்கள் ஊர் மேஸ்திரி சதுர அடிக்கு 1,500 ரூபாய் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 360 சதுர அடி வீட்டுக்கு 5,40,000 ரூபாய் ஆகும். மானியம் 3,50,000 போக, கைப்பொறுப்பு 1,90,000. "கட்டுவது கட்டுகிறோம், முன்னால் ஒரு கூடம், பக்கத்தில் ஒரு அறை" என்று 600 சதுர அடிக்குப் போனால் செலவு 9,00,000. மானியம் ஒரு காசும் கூடாது. கைப்பொறுப்பு 5,50,000 ஆகிவிடும். வீடு ஒன்றரை மடங்குக்குச் சற்றே மேல் வளர்ந்தது. கடனோ ஏறத்தாழ மூன்று மடங்காகிவிட்டது. கைப்பொறுப்பு முழுவதையும் மூன்று வட்டிக்கு வாங்கினால், சிறிய வீட்டுக்கு மாதம் 5,700 ரூபாய் வட்டி. பெரிய வீட்டுக்கு 16,500 ரூபாய். இது வட்டி மட்டுமே. அசல் அப்படியே நிற்கும். கூலி வேலை செய்யும் குடும்பம் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. உங்கள் ஊர் விலையை இட்டு நீங்களே இக்கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கேட்டது சீடத்துவத்தின் விலையைப் பற்றித்தான். எனினும் அந்த உவமை அன்று கேட்டவர்களுக்கு விளங்கியதற்குக் காரணம், அரைகுறையாக நின்ற கட்டடங்களை அவர்கள் கண்ணாரக் கண்டிருந்தமையே.

சிறிதாகக் கட்டுவது இழிவன்று. அடித்தளத்தை உறுதியாக இட்டு, ஓர் அறையும் சமையலிடமும் கழிப்பறையும் முழுமையாக முடித்துக் குடிபுகுங்கள். மகன் சம்பாதிக்கும் காலத்தில் பக்கத்து அறையைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு எந்தப் பக்கம் இடம் விட வேண்டும் என்பதை மட்டும் இன்றே ஒன்றியப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் கேள்வி: பணம் எப்போது வரும், அதற்குள் என் செய்வது? மானியம் ஒரே தொகையாக வருவதில்லை. அடித்தளம், லிண்டல், தளம், முடிவு எனக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முடிந்ததைப் படமெடுத்து மேலிடத்துக்கு அனுப்பியபின் உரிய தவணை வரும். நம் மாநிலத்தில் சிமெண்டும் கம்பியும் ஒன்றிய அலுவலகம் வழியாகத் தரப்பட்டு, அவற்றின் விலை தவணையில் கழிக்கப்படும் வழக்கமும் உண்டு. இதை அறியாமல், "3,50,000 வருகிறது" என்று சொல்லி வட்டிக்கு வாங்கியவர்கள், கழிவு போக வந்ததைக் கண்டு திகைக்கின்றனர். ஆகவே எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு, எதில் என்ன கழிவு என்பதைத் தொடங்குமுன்னரே எழுதி வாங்குங்கள். முதற்கட்டத்தை முடிக்கும் அளவுக்குச் சேமிப்பு இல்லாமல் தொடங்காதீர்கள். உங்கள் பெயரில் பணத்தை எடுத்து மொத்தமாகக் கட்டித் தருகிறேன் என்று வரும் ஒப்பந்தக்காரரிடம் வங்கிப் புத்தகத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பிரதமரின் திட்டத்தில் ஒப்பந்தக்காரரை ஈடுபடுத்தலாகாது என்பது விதி. குடும்பமே முன்னின்று கட்ட வேண்டும். பட்டியலில் பெயர் சேர்க்க யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. கிராம சபைக்குச் சென்று பட்டியலைப் படிக்கக் கேட்பதே வழி. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் அச்சபை கூடும். நம் மக்கள் ஆகஸ்டு 15 அன்று அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாத் திருப்பலி முடிந்ததும் வீடு திரும்பிவிடுகின்றனர். அங்கிருந்து கிராம சபைக்கும் செல்லுங்கள்.

கடன் வாங்கியே தீர வேண்டுமானால் எங்கே வாங்குவது என்பதும் இக்கேள்வியைச் சேர்ந்ததே. மகளிர் குழு வழியாக வங்கியிலும், கூட்டுறவு நிறுவனங்களிலும் முதலில் கேளுங்கள். பிரதமரின் திட்டமே விரும்புவோருக்கு 70,000 ரூபாய்வரை வங்கிக் கடனுக்கு வழி செய்கிறது. நகையை வைக்க நேர்ந்தால் வங்கியில் வையுங்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழகத்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. வெற்றுத் தாளிலோ வெற்றுக் காசோலையிலோ கையொப்பமிடும்படி யார் கேட்டாலும், அவர் உறவினரேயாயினும், மறுத்துவிடுங்கள்.

ஐந்தாம் கேள்வி: கட்டியதை யார் காப்பது? வேலை நடக்கும்போது குடும்பத்தில் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். தளம் போட்டபின் பாத்தி கட்டிக் குறைந்தது 7 நாளாவது தண்ணீர் நிறுத்த வேண்டும். இதற்குச் சோம்பினால் தளம் வெடித்து ஒழுகும். கடற்கரைப் பங்குகளில் உள்ளோர் கடல் மணலையும் உப்புநீரையும் கலவைக்குப் பயன்படுத்தவே கூடாது. செலவு மிச்சம்போல் தோன்றும். சில ஆண்டுகளில் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, தளத்தின் அடிப்பூச்சு உதிரும். குடிபுகுந்தபின் ஆண்டுதோறும் மழைக்கு முன் மாடியைக் கூட்டி, நீர்ப்போக்கியைச் சுத்தம் செய்து, வெடிப்பை அடைக்க வேண்டும். அதற்கென மாதம் ஒரு சிறு தொகையை உண்டியலில் போட்டு வரும் குடும்பத்தின் வீடு பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்கும்.

நகரத்துப் பங்குகளில் உள்ளோருக்கு ஒரு சொல். 1970இல் நிறுவப்பட்ட குடிசை மாற்று வாரியம் 2021 முதல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று அழைக்கப்படுகிறது. அதன் அடுக்குமாடி வீட்டுக்கு ஒதுக்கீட்டு ஆணை பெற்றவர், உரிய தொகை முழுவதையும் செலுத்தி விற்பனைப் பத்திரம் பெறும்வரை அதன் உரிமையாளர் ஆகார். இடைக்காலத்தில் முத்திரைத் தாளில் எழுதி வீட்டைக் கைமாற்றுவதும், அப்படி எழுதியதை நம்பி வாங்குவதும் இரு குடும்பங்களையும் தெருவில் நிறுத்தும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. பங்குக்கோ மறைமாவட்டத்துக்கோ உரிய நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்கள் பல ஊர்களில் உள்ளன. கோவில் அருகே குடியிருக்கட்டும் என்று அன்று வாய்மொழியாகக் கொடுத்த இடம் அது. இன்று அக்குடும்பத்தின் பெயரில் பட்டா இல்லாமையால் அரசின் மானியமும் கிட்டுவதில்லை. அடுத்த தெருவில் கல்வீடுகள் எழ, கோவிலை நம்பி வந்தவர்கள் மட்டும் ஓலைக் கூரையின்கீழ் இருக்கின்றனர். திருச்சபையின் நிலத்தை ஒரு பங்குக் குரு தாமாக எவருக்கும் எழுதித் தர இயலாது. அதற்கு முறையும் மேலிட ஒப்புதலும் வேண்டும். ஆனால் எத்தனை குடும்பங்கள், எவ்வளவு இடம், எத்தனை ஆண்டு என்ற விவரத்தைப் பங்குப் பேரவை திரட்டி ஆயர் இல்லத்துக்கு எழுதலாம். எழுதாதவரை இக்குடும்பங்கள் எவர் கண்ணிலும் படப் போவதில்லை.

பங்கில் செய்யக்கூடியது என்ன? பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பங்கிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வங்கியில் பணி செய்தவர் ஒருவர், நேர்மையான மேஸ்திரி ஒருவர், மகளிர் குழுவில் கணக்கெழுதிப் பழகிய சகோதரி ஒருவர் இருப்பர். புனித வின்சென்ட் தே பவுல் சபையார் இவர்களை ஒன்று சேர்த்து, மாதம் ஒரு ஞாயிறு மாலையில் பள்ளி அறையைத் திறந்து வைக்கலாம். வீட்டு உதவி ஆணை பெற்ற குடும்பங்கள், எச்சமயத்தவராயினும், தம் தாள்களோடு வரட்டும். மேற்சொன்ன ஐந்து கேள்விகளையும் அவர்களோடு அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். வருகிறவர் ஒருவருடைய கடனோ குடும்பக் குறையோ அந்த அறையை விட்டு வெளியே போகலாகாது. இவ்வுறுதி இல்லாத இடத்துக்கு எந்த ஏழையும் இரண்டாம் முறை வரமாட்டார்.

தவக்காலச் சேமிப்பில் ஒரு பகுதியை, முதற்கட்டத்தை முடிக்க முடியாமல் நிற்கும் குடும்பத்துக்கு வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுத்துத் தவணை வந்ததும் திரும்பப் பெறுவதையும் பங்குப் பேரவைகள் எண்ணிப் பார்க்கலாம். அதே தொகை அடுத்த ஆண்டு வேறொரு குடும்பத்தின் அடித்தளத்துக்குப் பயன்படும்.

வரும் மாதத்தில் உங்கள் பங்குப் பேரவை கூடும்போது இப்பொருளை எழுப்புங்கள். உங்கள் தெருவில் எந்தெந்தக் குடும்பங்களின் சுவர் லிண்டலோடு நிற்கிறது என்பதைக் கணக்கெடுத்துச் செல்லுங்கள். அக்குடும்பங்களில் முதலில் யாரைச் சந்திப்பது, யார் சந்திப்பது என்பதை அன்றே முடிவு செய்துவிட்டு எழுந்திருங்கள்.